பிள்ளையை அலகாக வைத்து வறுமையை அளப்பது: கடலூர், புதுச்சேரிக் களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நிதி ஆயோக் 2023 ஜூலையில் வெளியிட்ட தேசியப் பல்பரிமாண வறுமைக் குறியீட்டு அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் இருப்போர் 2.20 சதவீதம், புதுச்சேரியில் 0.85 சதவீதம். இந்த எண்களைப் படித்துவிட்டு, இங்கே அளப்பதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டபடிதான் பல மாணவர்கள் களத்துக்கு வருகிறார்கள். அந்த அறிக்கைக்கு அடிப்படையான தரவு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினரும் புதுச்சேரியில் 20 சதவீதத்தினரும் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஒரே ஆய்வு, ஒரே வீடுகள். ஆனால் ஒரு கணக்கில் நூற்றுக்கு இரண்டு, இன்னொரு கணக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலையைக் கற்றுக்கொண்டதாகக் கொள்ளலாம்.

கணக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

உலகெங்கும் இன்று பயன்படும் முறையை உருவாக்கியவர்கள் சபீனா அல்கயரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும். அம்முறையில் அமைந்த உலகப் பல்பரிமாண வறுமைக் குறியீடு 2010-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கையில் முதன்முதலாக வந்தது. இந்தியக் குறியீடு அதைத் தழுவி, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்று பரிமாணங்களில் பன்னிரண்டு குறிகாட்டிகளைக் கொண்டிருக்கிறது. ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பின் ஆண்டுகள், பள்ளி வருகை ஆகிய மூன்றுக்கும் தலா ஆறில் ஒரு பங்கு எடை. குழந்தை இறப்புக்கும் தாய்நலத்துக்கும் தலா பன்னிரண்டில் ஒரு பங்கு. அடுப்பெரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகிய ஏழுக்கும் தலா இருபத்தொன்றில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்துக்கு இல்லாதவற்றின் எடைகளைக் கூட்டும்போது மூன்றில் ஒரு பங்கை எட்டினால், அந்தக் குடும்பத்திலுள்ள எல்லோரும் வறியவர்களாகக் கணக்கிடப்படுவார்கள்.

இப்போது கடலூரை அடுத்த மீனவ ஊரான தாழங்குடாவில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரை, மின்சாரம், எரிவாயு அடுப்பு, வங்கிக் கணக்கு, பைக், டிவி எல்லாம் இருக்கின்றன. இரண்டு வயதுப் பெண்குழந்தை மட்டும் வளராமல் இருக்கிறாள். ஊட்டச்சத்தில் அந்த வீட்டுக்கு ஆறில் ஒரு பங்கு விழும். மூன்றில் ஒரு பங்குக்கு அது போதாது என்பதால் அந்த வீடு வறிய வீடு அல்ல, அந்தக் குழந்தையும் வறிய குழந்தை அல்ல என்று கணக்கு முடிந்துவிடும். கணக்கில் பிழையில்லை. குடும்பத்தை அலகாகக் கொண்டு நாடு முழுவதையும் ஒப்பிடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. நம் மாவட்டத்துக்கு, நம் கொம்யூனுக்கு (புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சி அலகு), பிள்ளையையே அலகாகக் கொண்ட இன்னொரு கருவி வேண்டும்.

முதற்படி: யாரை எண்ணுகிறோம் என்பதை எழுதி வைப்பது

யுனிசெஃப் பயன்படுத்தும் பன்முக இல்லாமைப் பகுப்பாய்வு முறையில் ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியாக எண்ணப்படும். வயதுக்கேற்பக் குறிகாட்டிகள் மாறும். ஓராண்டுக் குழந்தைக்குத் தாய்ப்பாலும் தடுப்பூசியும் முக்கியம்; எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசிப்பு முக்கியம்; பதினைந்து வயதில் பள்ளி இடைநிற்றலும் குழந்தைத் திருமணமும் முன்னுக்கு வரும். தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை நான்கு வயதுப் பிரிவுகள்: இரண்டு வயதுக்குள், இரண்டிலிருந்து நான்கு, ஐந்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டிலிருந்து பதினேழு. ஒரே வினாத்தாளை எல்லா வயதினருக்கும் நீட்டுவது புதியவர்கள் முதலில் செய்யும் தவறு.

அடுத்து, பட்டியலில் விடுபடுபவர்கள். அங்கன்வாடிப் பதிவேடும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தரவும் நல்ல தொடக்கங்கள்தாம். ஆனால் தனியார் மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்ட பிள்ளைகளும் அவற்றில் சரியாக வருவதில்லை. கிள்ளைப் பகுதியில் உள்ளவை போன்ற இருளர் குடியிருப்புகளுக்குப் பதிவேட்டை மட்டும் நம்பாமல் நடந்தே போக வேண்டும். கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடையின் இருபுறமும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: தமிழ்நாட்டு ஊரில் குடியிருந்து, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துப் பள்ளியில் படித்து, உடம்புக்கு முடியாவிட்டால் ஜிப்மருக்குப் போகும் பிள்ளை இரண்டு அரசுகளின் பதிவேடுகளிலும் அரைகுறையாகத்தான் இருப்பாள். ஆகவே பதிவேடுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுப் பட்டியலைத் தெருத்தெருவாக நீங்களே எடுங்கள். ஊர்த்தெருவை முடித்த கையோடு காலனியையும் முடிக்காமல் திரும்பி வரக் கூடாது. அந்தத் தெருவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

இரண்டாம் படி: எவற்றை அளப்பது, கோட்டை எங்கே கிழிப்பது

ஐந்து அல்லது ஆறு பரிமாணங்கள் போதும். ஊட்டச்சத்து, உடல்நலம், கற்றல், குடிநீரும் கழிப்பறையும், குடியிருப்பு என்று தொடங்கலாம். பெரிய பிள்ளைகளுக்குப் பாதுகாப்பைச் சேர்க்கலாம். பரிமாணங்களைத் தேர்வதைவிட ஒவ்வொன்றிலும் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் உழைப்பு தேவைப்படுகிறது. தேசியக் கோடு இந்தப் பகுதியில் பெரும்பாலும் மிகத் தாழ்வாக இருக்கிறது.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். வீட்டுவாசலில் குழாய் இருந்தால் தேசியக் கணக்கில் குறை எதுவும் இல்லை. கடற்கரையோரக் குப்பங்களில் நான் போன வீடுகளில், அந்தக் குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவவும் துணி அலசவும்தான் போயிற்று. உப்புக் கரிக்கிறது என்று குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கினார்கள். கேன் வாங்கப் பணமில்லாத நாளில் பிள்ளை எதைக் குடித்தாள் என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. எனவே குழாய் இருக்கிறதா என்று கேட்காமல், நேற்று இந்தப் பிள்ளை குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதற்குக் காசு கொடுத்தீர்களா என்று கேளுங்கள். கழிப்பறையும் அப்படித்தான். கட்டிய கழிப்பறைக்குள் வலையும் விறகும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

கற்றலில், பள்ளியில் பெயர் இருக்கிறதா என்பது இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆம் என்றே வரும். அதனால் அந்தக் குறிகாட்டி எதையும் பிரித்துக் காட்டாது. கடந்த வாரம் எத்தனை நாள் போனான் என்பதும், இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறானா என்பதும் பிரித்துக் காட்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டதே, பள்ளிக்கு வந்தும் படிக்க வராத இந்தக் குறையை நேர்செய்யத்தான். ஆகவே உங்கள் அளவீடு அதே திசையில் இருந்தால் பள்ளிக் கல்வி அலுவலர்களோடு பேசுவதும் எளிதாகும்.

எடைகளைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாப் பரிமாணங்களுக்கும் சம எடை கொடுங்கள். வேறு எடை கொடுக்க வலுவான காரணம் இருந்தால் அதை எழுதிவைத்து, இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: எத்தனை பேர், எந்த மாதம்

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குப் போனது; சராசரியாக மாவட்டத்துக்குச் சுமார் 900 வீடுகள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். 200 குழந்தைகளை அளந்து 25 சதவீதம் என்று வந்தால், உண்மை அளவு 19-க்கும் 31-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே ஊரில் கொத்தாக அளக்கும்போது அந்த அகலம் இன்னும் கூடும். மாவட்ட எண் ஐந்தாண்டில் மூன்று புள்ளி குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கோ, கூடிவிட்டது என்று அதிகாரியைக் கடிந்துகொள்வதற்கோ இந்த அகலம் இடம் தராது. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே நெய்வேலி நகரியமும், மேற்கே மங்களூர், நல்லூர் வட்டாரங்களின் வறண்ட நிலமும், காட்டுமன்னார்கோயிலின் வீராணப் பாசனமும், பண்ருட்டியின் முந்திரிக் காடும் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் ஒரே சராசரியைச் சொன்னால் எந்த வட்டாரத்துக்கும் அது பயன்படாது.

என் அனுபவத்தில், தொடங்குபவர்கள் மாவட்டத்தை அளக்க முயலாமல் ஓர் ஊராட்சியை முழுவதுமாக அளப்பது நல்லது. ஊராட்சியில் 200, 300 பிள்ளைகள் என்றால் கூறெடுக்கவே, அதாவது சிலரை மட்டும் தேர்ந்து அளக்கவே, வேண்டாம். எல்லோரையும் அளந்துவிடலாம், கூறெடுப்புப் பிழையும் இல்லாமல் போகும். இரண்டு பேர் கொண்ட நான்கு குழுக்கள் ஒழுங்காக உழைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முடியும்.

மாதத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் மீனவக் குப்பத்தில் எடுக்கும் உணவுக் கணக்கும் ஆகஸ்டில் எடுப்பதும் ஒன்றாக இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததும், 2015 நவம்பரில் கடலூர் வெள்ளத்தில் மூழ்கியதும் அந்தப் பருவத்தில்தான். தென்பெண்ணையும் கெடிலமும் பெருகும் வாரத்தில் வயிற்றுப்போக்குக் கணக்கு எடுத்தால் அது அந்த வாரத்தைத்தான் சொல்லும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. எந்த மாதமானாலும் மறுமுறை அதே மாதத்தில் எடுங்கள்.

நான்காம் படி: அளவுப்பலகையின் முன்னால்

இந்த வேலையில் நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். வறுமைக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், உயரத்தை ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் எல்லாம் பாழ்.

ஓர் அங்கன்வாடியில் காலை பத்து மணிக்கு நடப்பதைச் சொல்கிறேன். மூன்று வயதுச் சிறுமி வருகிறாள். உச்சியில் இறுக்கிக் கட்டிய குடுமி, காலில் கொலுசு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், தடித்த கவுன். குடுமியோடு நிறுத்தினால் பலகையின் தலைக்கட்டை இரண்டு சென்டிமீட்டர் மேலே நின்றுவிடும். வளராத பிள்ளை வளர்ந்தவளாகப் பதிவாவாள். குடுமியை அவிழ்க்கச் சொன்னால் அம்மா முகம் சுளிப்பார். மறுபடியும் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே கட்டிவிட வேண்டும். அரைஞாணைக் கழற்றச் சொல்லாதீர்கள், கண்ணேறு படும் என்று அஞ்சுவார்கள். அது இருந்ததைக் குறித்துக்கொண்டால் போதும். குதிகால், பின்புறம், தோள்பட்டை ஆகியவை பலகையில் படிந்திருக்க, பார்வை நேராக இருக்க, ஒருவர் முழங்காலையும் கணுக்காலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் படிக்க வேண்டும். ஒருவரே பிடித்துக்கொண்டு ஒருவரே படிக்கும் அளவைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்தும் அளப்பது முறை. படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சராசரியாக 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும் என்பதால், மாற்றி அளந்திருந்தால் அதைப் பதிவு செய்து பின்னர் திருத்த வேண்டும்.

வயதும் இதே அளவுக்கு முக்கியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரத்தில், 12 மாத ஆண்குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவின் கோடு, அதாவது நடுவளவிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கீழே, 71.0 சென்டிமீட்டர், 13 மாதத்துக்கு அது 72.1. குழந்தையின் நீளம் 71.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வித்தியாசத்தில் அவன் கோட்டுக்கு மேலே அல்லது கீழே போய்விடுகிறான். ஆடியில் பிறந்தான் என்று பாட்டி சொல்வதோடு நிறுத்தாமல், தாய்சேய் நல அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ பார்த்து நாளை எழுதுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண் இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியர் உதவுவார்.

மேற்கையின் நடுவில் சுற்றி அளக்கும் புயநடுச் சுற்றளவு நாடாவும் பையில் இருக்கட்டும். 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றே அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் வேலையை நீங்கள் முடித்தாக வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே அந்த மருத்துவ அலுவலரைப் பார்த்து, இப்படிப்பட்ட குழந்தைகளை அனுப்பினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: பிள்ளைகளிடமே கேட்பது

இல்லாமைகளை எண்ணினால் வறுமை தெரியும், நல்வாழ்வு தெரியாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றி அவர்களிடமே கேட்க வேண்டும். நேற்று எவ்வளவு நேரம் விளையாடினாய், பள்ளிக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, மனசு கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வாய் என்ற மூன்று கேள்விகளிலேயே நிறைய வெளிவரும். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகு பிள்ளையிடமும் தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மற்றவர் கண்ணில் படும் இடத்தில், காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு முறை ஒரு சிறுவன் பயமான இடம் எது என்ற கேள்விக்கு, "ராத்திரி எங்க வீடு" என்றான். அப்பாவின் குடி எந்தப் பெரியவரின் பதிலிலும் வரவில்லை. அப்படி ஒரு பதில் வந்தால் வினாத்தாளை மூடிவைத்துவிட்டு, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அவனுக்குத் தெரியப்படுத்துங்கள். பாலியல் வன்முறை என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது உங்கள் கடமை. இதை ஒப்புதல் வாங்கும்போதே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: கூட்டிப் பார்ப்பது

ஐந்து பரிமாணம், சம எடை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் குறை உள்ளவர் வறியவர் என்று வைத்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகள் கொண்ட ஒரு கற்பனைத் தெருவைக் கணக்கிடுவோம். மூவருக்கு எந்தக் குறையும் இல்லை, மூவருக்கு ஒன்று, இருவருக்கு இரண்டு, ஒருத்திக்கு மூன்று, ஒருவனுக்கு நான்கு. வறியவர் நால்வர், ஆகத் தலைக்கணக்கு 40 சதவீதம். அந்த நால்வரின் குறைகள் மொத்தம் 11. அவர்களுக்கு இருந்திருக்கக்கூடிய அதிகபட்சம் 20. எனவே தீவிரம் 55 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 0.22, அதுதான் குறியீடு.

அடுத்த ஆண்டு, நான்கு குறைகள் இருந்த பையனின் வீட்டுக்கூரை சரிசெய்யப்பட்டு அவனுக்கு மூன்றாகக் குறைந்தது என்று கொள்வோம். தலைக்கணக்கு அதே 40 சதவீதம், தீவிரம் 50, குறியீடு 0.20. தலைக்கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்த வேலை நடந்ததே தெரிந்திருக்காது. மிகவும் கீழே இருக்கும் பிள்ளையைத் தூக்கிவிட்டால் எண் அசைய வேண்டும் என்பதற்காகத்தான் தீவிரத்தைச் சேர்க்கிறோம்.

பிறகு பிரித்துப் பாருங்கள். முதலாண்டின் 11 குறைகளில் ஊட்டச்சத்து நான்கு, கற்றல் மூன்று, தண்ணீர் இரண்டு, உடல்நலம் ஒன்று, வீடு ஒன்று என்று வந்தால், முதலில் எந்தத் துறையின் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும். நால்வருக்குமே சத்துக்குறைவு என்பதால், கற்றலில் பின்தங்கிய மூவரும் ஊட்டச்சத்திலும் பின்தங்கியவர்கள்தாம். அப்படியானால் காலை உணவுத் திட்டத்தையும் வாசிப்புப் பயிற்சியையும் சேர்த்தே பேச வேண்டும். இதே கணக்கைத் தெருவாரியாக, பெண் ஆண் வாரியாக, வயதுவாரியாக எடுங்கள். ஆனால் ஒரு பிரிவில் ஐந்தாறு பிள்ளைகள்தான் இருந்தால் அதை வெளியிடாதீர்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: முடிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டுமானால் உங்கள் அறிக்கை அக்டோபர் 2-க்குள் ஊராட்சி நிர்வாகத்தின் கையில் இருக்கட்டும். அறிக்கை என்றால் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஒரே ஓர் அட்டவணை. பெயர்கள் இருக்கக் கூடாது. குறியீடு 0.22 என்று சபையில் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. பத்துப் பிள்ளைகளில் நால்வருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குறைகள், அதில் நால்வருக்குமே சத்துக்குறைவு என்று சொல்லுங்கள். கூட்டத்தில் தாய்மார்கள் உடனே பேசத் தொடங்குவார்கள்.

புதுச்சேரியில் வழி வேறு. உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்து, 2011-இல் பதவிக்காலம் முடிந்தபின் நீண்ட காலம் மறுதேர்தல் நடக்கவில்லை என்பதால், கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரையும் பெண்கள், குழந்தைகள் நலத் துறையையும் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். எல்லையோர ஊர்களில் வேலை செய்தால் அறிக்கையின் ஒரு படியைக் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இன்னொன்றைப் புதுச்சேரியிலும் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பிள்ளையைப் பார்த்துப் பேசட்டும்.

வினாத்தாள், ஒவ்வொரு குறிகாட்டிக்கும் நீங்கள் கிழித்த கோடு, அளவுப்பலகையின் எண், அளந்தவர்கள் யார், எந்த வாரம் என்பவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஊராட்சி அலுவலகத்திலும் அங்கன்வாடியிலும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். அடுத்த ஜூலையில் வேறொரு குழு வந்தாலும், குடுமியை அவிழ்த்துத்தான் முன்பும் அளந்தார்கள் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.